பருத்தி வெடிக்கும், பட்டாசும் வெடிக்கும்

எங்கள் அத்தைக்குச் சாத்தூருக்குத் தெற்கே கரிசல் காடு. பல வருஷம் முன்பு ஒரு நாள் விடிகாலையில் அவரிடமிருந்து போன். நான்தான் எடுத்தேன். "காடு பூராம் வெடிச்சுக் கெடக்குய்யா, ஒரு ஆளு கெடைக்கல" என்றார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்த வட்டாரத்தில் எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு பட்டாசு ஆலையின் வேலி வந்துவிடும். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே அத்தை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சில்லை. அப்புறம் சிரிப்பு. "பருத்திய்யா, பருத்தி. எடுக்க ஆளில்லைங்கேன்."

பட்டணத்தில் வளர்ந்தவனுக்கு வெடி என்றால் தீபாவளி, இல்லாவிட்டால் விபத்து. காட்டுக்காரருக்கு அது அறுவடைச் சொல். இரண்டில் எது முந்தியது என்று அன்றைக்குத் தொடங்கிய யோசனை இன்னும் விடவில்லை. கேள்விக்கு விடை ஒன்றும் கடினமில்லை. வெடிமருந்து நம் பக்கம் வந்து ஏழு நூற்றாண்டுக்கு மேல் இருக்காது. சொல்லோ சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. அப்படியானால் மருந்தும் திரியும் இல்லாத ஆயிரத்துச் சொச்சம் வருஷம் தமிழில் என்னதான் வெடித்துக்கொண்டிருந்தது?

பருத்தியிலிருந்தே தொடங்கலாம். பூ விழுந்து காய் பிடித்தபின் அது முற்ற 45 முதல் 60 நாள் ஆகும். அதுவரை பச்சைக் காய். கையில் எடுத்தால் கோலிக்குண்டு போலக் கெட்டியாக இருக்கும். உற்றுப் பார்த்தால் மேலிருந்து கீழாக மூன்று, நான்கு, சிலவற்றில் ஐந்து மெல்லிய கோடுகள் தெரியும். தையல் போட்டது போல. காய் முற்றியதும் தோடு காய்ந்து சுருங்கத் தொடங்கும். உள்ளே பஞ்சு நிறைந்து கிடக்கிறது. வெளியே தோட்டுக்குத் தண்ணீர் வற்றிவிட்டது. ஒரு கட்டத்தில் அந்தத் தையல்கள் பிரிந்து தோட்டின் இதழ்கள் பின்னால் வளைந்துகொள்ளும். நடுவில் வெள்ளைச் சுளை. காதுக்கு எட்டும்படி ஒரு சத்தமும் வராது. வெடித்த தோட்டின் நுனி மட்டும் ஊசி மாதிரி இருக்கும். பருத்தி எடுக்கப் போகிறவர்களின் விரல் நகக்கண்ணைப் பார்த்தால் தெரியும், அந்த வெடிப்பு எவ்வளவு கூர்மை என்று. பனி ஈரம் இருக்கும் காலையிலேயே எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் காய்ந்த சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். அத்தை விடிகாலையில் போன் போட்டதற்கும் அதுதான் காரணம்.

இலவு காத்த கிளி கதையும் இதே வெடிப்புதான். காய் பழுக்கும், தின்னலாம் என்று கிளி காத்துக் கிடக்கிறது. இலவங்காய் பழுப்பதில்லை, வெடிக்கிறது. பஞ்சு காற்றோடு போய்விடுகிறது. பழுத்தலும் வெடித்தலும் ஒரு காயின் இரண்டு முடிவுகள் என்பது அந்தப் பழமொழியைச் சொன்னவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது நிலம். பருத்தி விளையும் அதே கரிசல் கோடையில் வெடிக்கும். கரிசல் மண்ணில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் வகை அதிகம். தண்ணீர் பட்டால் ஊதும், வற்றினால் சுருங்கும். சித்திரையில் போய்ப் பார்த்தால் பாளம் பாளமாகக் கிடக்கும். சில வெடிப்புக்குள் கையே நுழையும். மேல்மண் உதிர்ந்து அந்த வெடிப்புக்குள் விழும். மழை பெய்ததும் மண் ஊதி வெடிப்பு மூடிக்கொள்ளும். இப்படி மேல்மண்ணும் கீழ்மண்ணும் இடம் மாறுவதால்தான் கரிசலைத் தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்கிறார்கள். அப்புறம் கால். பித்தவெடிப்பு என்கிறோம். பித்தத்தின் மேல் பழியைப் போட்டாலும், உள்ளங்காலில் எண்ணெய் சுரப்பி கிடையாது என்பது பெரிய காரணம். தோல் வறண்டு தடித்து, உடம்பின் பாரம் அழுத்தும்போது விளிம்பில் பிளந்துகொள்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். சுவரில் இருப்பதை விரிசல் என்கிறோம். கண்ணாடியில் இருப்பது கீறல். குதிகாலிலும் கரிசலிலும் இருப்பது வெடிப்பு. ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் யோசிக்காமல் பேசும்போது வாய் சரியான சொல்லைத்தான் எடுக்கிறது. கீறலுக்குக் கீறியது ஒன்று இருக்க வேண்டும்: ஆணி, கல், நகம். விரிசல், சேர்ந்திருந்தவை விலகியதைச் சொல்கிறது. அதனால்தான் உறவில் விரிசல் விழுகிறது. வெடிப்பு மட்டும் உள்ளே இருந்து வருவது. மேல்தோல் ஒன்று, அதற்குள் அடங்க மாட்டாத ஒன்று, இரண்டுக்கும் இழுபறி, கடைசியில் தோல் தோற்கிறது. சத்தமும் நெருப்பும் இதில் எங்குமே இல்லை.

சமையல்கட்டில்தான் முதன்முதலாகச் சத்தம் சேர்கிறது. "கடுகு வெடித்ததும் கறிவேப்பிலையைப் போடவும்." தமிழில் தினமும் அதிகம் பேரின் காதில் விழும் வெடி இதுவாகத்தான் இருக்கும். கடுகுக்குள் இருக்கும் துளி ஈரம் சூடான எண்ணெயில் ஆவியாகி, போக வழியில்லாமல் தோலைப் பிளந்துகொண்டு வருகிறது. எங்கள் வீட்டில் சிலர் 'பொரிந்ததும்' என்பார்கள், சிலர் 'வெடித்ததும்' என்பார்கள். என் காதுக்கு முதல் ஒன்றிரண்டு கடுகு வெடிக்கிறது, மொத்தமாகச் சேர்ந்தால் பொரிகிறது.

பழம்பாட்டில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. புறநானூற்றின் 302-ஆம் பாட்டு குதிரையைப் பற்றியது. 'வெடிவேய் கொள்வது போல ஓடித் தாவுபு உகளும் மாவே' என்று தொடங்கும். வளைத்துப் பிடித்த மூங்கிலை விட்டால் எப்படி விசுக்கென்று மேலே எழுமோ அப்படித் தாவுகின்றன குதிரைகள். இங்கே வெடி என்பது பிளப்பதே இல்லை. அடக்கி வைத்தது விடுபட்டு எழுவது. மூங்கிலை வளைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கையை மீறும் அந்த நொடி. பருத்திக் காயில் தோல் தோற்றது போல இங்கே கை தோற்கிறது. இன்றைக்கு 'வெடித்துச் சிரித்தான்', 'வெடித்து அழுதாள்' என்று எழுதுகிறோமே, அது பட்டாசிலிருந்து வந்த உவமை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அடக்கி வைத்த சிரிப்பு வளைத்துப் பிடித்த மூங்கில்தான்.

இலக்கணமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. தமிழ் வினைகள் பலவற்றில் தானாக நடப்பதற்கும் ஒருவர் செய்வதற்கும் வேறு வேறு வடிவம் உண்டு. கண்ணாடி உடைந்தது, அவன் உடைத்தான். சட்டை கிழிந்தது, அவள் கிழித்தாள். வெடிக்கு அந்தச் சோடி இல்லை. பட்டாசு வெடித்தது, பையன் பட்டாசு வெடித்தான். இரண்டுக்கும் ஒரே உருவம். இதில் முதலாவதுதான் அசல் என்பதற்கு ஒரு சின்னச் சோதனை போதும். 'பருத்தியை வெடித்தான்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு நின்றுவிடும். நிலத்தை வெடிக்க முடியாது, குதிகாலை வெடிக்க முடியாது. வெடிப்பவரே இல்லாத வினை இது. பட்டாசு வந்த பிறகுதான் இதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் அத்தை இன்றும் 'வெடி வெடி' என்று சொல்வதில்லை, 'வெடி போடு' என்பார். கல்குவாரியில் 'வெடி வைக்கிறார்கள்'. ஆள் செய்வது போடுவதும் வைப்பதும் கொளுத்துவதும்தான். வெடிப்பது வெடியின் பாடு.

சரி, மருந்துக்கு வருவோம். 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் சீனாவில் சாகா மருந்து தேடிக்கொண்டிருந்த ரசவாதிகள் கையில் இது சிக்கியது. சீனர்கள் அதற்கு வைத்த பெயருக்கு நேர்ப்பொருள் 'நெருப்பு மருந்து'. அங்கிருந்து அது போன ஊரிலெல்லாம் 'மருந்து' என்ற பெயர் ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. பாரசீகத்தில் மருந்தைக் குறித்த 'தாரு' என்ற சொல் மராத்தியில் வெடிமருந்தையும் சாராயத்தையும் சேர்த்துக் குறிக்கிறது. தெலுங்கில் 'மந்து' என்றால் மருந்து, சாராயம், வெடிமருந்து மூன்றும். கன்னடத்தில் 'மத்து', அதிலிருந்து 'சிடிமத்து'. மலையாளத்தில் நம்மைப் போலவே வெடிமருந்து. சிங்களத்தில் 'வெடி பெஹெத்'. 'பெஹெத்' அவர்கள் மொழியில் மருந்து, 'வெடி' தமிழிலிருந்து போனது. சுடுவதற்குச் சிங்களத்தில் 'வெடி தியனவா' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது நம் 'வெடி வைத்தல்'தான்.

தமிழில் மருந்து என்ற பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. வெடிமருந்தில் முக்கால் பங்கு பொட்டாசியம் நைட்ரேட். அதற்குத் தமிழ்ப் பெயர் வெடியுப்பு. நாட்டு மருந்துக் கடையில் அதே பெயரில் இருந்த சரக்கு. சித்த வைத்தியத்தில் நீர் பிரிய வைக்க அதைக் கையாண்டிருக்கிறார்கள். மீதியில் ஏறத்தாழ 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். மூன்றுமே வைத்தியருக்குப் பழக்கமான பொருள்கள். சிவகாசி வட்டாரத்தில் இன்றும் 'மருந்து' என்று தனியாகச் சொன்னால் அது தலைவலிக்குப் போடுவதாக இருக்காது. மருந்துக் கலவை, மருந்து செலுத்துதல், மணி மருந்து, மருந்து அறை என்று அங்கே பேச்சே வேறு.

இந்த மருந்தின் குணத்தில்தான் நம் பழைய சொல்லுக்கு வேலை கிடைத்தது. சின்ன வயதில் தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் நாங்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. திரி எரிந்தும் வெடிக்காமல் கிடக்கும் வெடிகளைப் பொறுக்குவோம். நமத்துப்போனவை. நடுவில் ஒடித்து, உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தூளைப் பழைய பேப்பரில் கொட்டி, ஓரத்தில் தீ வைப்போம். 'புஸ்' என்று ஒரு வெளிச்சம், ஒரு புகை, விரல் நுனியில் கந்தக வாசனை. அவ்வளவுதான். முந்தின நாள் ராத்திரி அந்தத் தூளுக்கு அத்தனை சத்தம் எப்படி வந்தது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அப்போது பிள்ளைகள் என்பதால் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை சுற்றிக் கிடந்த காகிதத்திலேயே இருந்தது. (இதை இப்போது யாரும் செய்து பார்க்க வேண்டாம். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குப் புருவம் போனது.)

வெடியுப்பு சூட்டில் ஆக்சிஜனை விடுகிறது. கரியும் கந்தகமும் அதைக் கொண்டு எரிகின்றன. நொடியில் ஏகப்பட்ட வாயு. திறந்த வெளியில் அந்த வாயு கலைந்து போகும். காகிதத்தை இறுக்கிச் சுற்றி, இரண்டு பக்கமும் அடைத்து, நூல் கட்டிவிட்டால் போக வழியில்லை. அழுத்தம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் உறை கிழிகிறது. அந்தக் கிழிசலில் வெளியேறும் காற்றின் அடிதான் நாம் கேட்கும் சத்தம். அதாவது மருந்து எரிகிறது, வெடிப்பது தோல்தான். பருத்திக் காயில் நடந்த அதே காரியம், நொடிக்குள். முதலில் இதைப் பார்த்த தமிழர்கள் புதுச் சொல் தேடி அலையாமல் பருத்திக் காட்டுச் சொல்லையே எடுத்துக் கொடுத்தது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. இன்றைய பட்டாசுகளில் அலுமினியத் தூள் கலந்த மருந்து வந்துவிட்டது. அது மூர்க்கமானது. குவியலாக இருந்தால் உறை கூட வேண்டாம், ஓர் உராய்வு போதும். ஆலை விபத்துச் செய்திகளில் 'மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு' என்ற வரி திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

வெடியைக் காயாகப் பார்த்தது நாம் மட்டும் இல்லை. தெலுங்கில் பட்டாசுக்கு 'டபாகாய' என்று ஒரு பெயர். 'டப்' என்ற ஒலியோடு நம் காய். இந்திக்காரர்கள் புஸ்வாணத்தை 'அனார்' என்பார்கள், மாதுளை என்று பொருள். கிரனேட் என்ற கையெறிகுண்டின் பெயரும் மாதுளைக்கான பிரெஞ்சுச் சொல்தான். உள்ளே மணி மணியாக நிறைந்து, வெடித்தால் நாலாபக்கமும் தெறிக்கும் பழம். மாதுளை மரத்திலேயே வெடிக்கவும் செய்யும். தண்ணீர் ஒழுங்காகப் பாய்ச்சாமல் காயவிட்டு திடீரென்று பாய்ச்சினாலோ, மண்ணில் போரான் சத்து குறைந்தாலோ, பழம் பிளந்துகொள்ளும். தமிழில் இந்தக் காய் உறவு இன்னும் பச்சையாக இருக்கிறது. தரையில் எறிந்தால் வெடிக்கும் உருண்டைக்கு வெங்காய வெடி. கோவை, ஈரோடு பக்கம் காட்டுப்பன்றிக்குப் பழத்துக்குள்ளும் மாவுக்குள்ளும் மறைத்து வைக்கும் நாசகாரப் பொருளுக்கு அவுட்டுக்காய் என்று பெயர். பன்றிக்கு வைத்ததைக் கடித்து வாய் கிழிந்து செத்த யானைகளால் அந்தப் பெயர் பத்திரிகை வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு பரிமாற்றம் நடந்திருக்கிறது. வேலியோரத்தில் ஊதாப் பூப் பூக்கும் ஒரு சின்னச் செடி. வைத்தியர்கள் கிரந்திநாயகம் என்பார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் ஊர் முழுக்கப் பரவியது. பிள்ளைகளுக்கு அது பட்டாஸ் காய்ச் செடி. பழுப்பாக முற்றிய காயைத் தண்ணீரில் போட்டால், அல்லது எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால், நாலைந்து நொடி ஒன்றும் நடக்காது. பிறகு 'டப்'. காய் இரண்டாகப் பிளந்து, தட்டையான விதைகள் முகத்தில் வந்து அடிக்கும். இரண்டு ஓடுகளும் வெளிப்பக்கம் வளையத் துடித்துக்கொண்டு நுனியில் மட்டும் ஒட்டியிருக்கின்றன. ஈரம் பட்டதும் அந்த ஒட்டு விட்டுவிடுகிறது. பின்பெஞ்சிலிருந்து முன்பெஞ்சுக்காரன் சட்டைக் காலருக்குள் போடுவதற்கென்றே செய்த காய். காயிலிருந்து வெடிக்குப் போன பெயர், வெடியிலிருந்து காய்க்குத் திரும்பி வந்திருக்கிறது.

இதற்கிடையில் சத்தம் மெல்ல மெல்லச் சொல்லைக் கைப்பற்றிக்கொண்டது. பட்டாசு என்ற சொல்லிலேயே 'பட்' இருக்கிறது; இந்தியில் பட்டாக்கா, கன்னடத்தில் பட்டாக்கி, தெலுங்கில் டபாசு என்று எல்லாம் ஒலியைப் பிடித்துக்கொண்ட பெயர்கள். திருவிழாவில் போடுவது அதிர்வேட்டு. பெயரிலேயே அதிர்வு வந்துவிட்டது. சபரிமலைக்குப் போகும் தமிழ்ச் சாமிமார்கள் பணம் கட்டி நடத்தும் வெடி வழிபாட்டில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காதுக்கு மட்டும்தான். 1999-இல் மத்திய அரசு வகுத்த விதியும் வெடியைக் காதால்தான் அளக்கிறது: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது. 2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தபோது சத்தம், புகை, குப்பை மூன்றும் பேசப்பட்டன. பின்னிப் பின்னிச் சரம் கட்டியே பிழைத்த கைகளுக்கு அது பெரிய அடி.

ஆங்கிலத்தில் இந்தக் கதை தலைகீழ். எக்ஸ்ப்ளோட் என்ற சொல் சத்தத்தில்தான் பிறந்தது, அதுவும் நாடகக் கொட்டகையில். லத்தீனில் 'பிளாடெரே' என்றால் கை தட்டுதல். ரோமானிய நகைச்சுவை நாடகங்களின் முடிவில் நடிகர்கள் கை தட்டச் சொல்லிக் கேட்பார்கள். பிடிக்காத நடிகனைக் கை தட்டியே விரட்டுவதும் உண்டு. அப்படி வெளியே துரத்துவதற்குப் பெயர் 'எக்ஸ்ப்ளோடெரே'. பாராட்டைக் குறிக்கும் அப்ளாஸும் விரட்டலைக் குறிக்கும் இதுவும் ஒரே கைதட்டலின் பிள்ளைகள். ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் நெடுநாள் அது ஒரு கருத்தைப் பொய்யென்று காட்டித் தள்ளுவதையே குறித்தது. குண்டு வெடிப்பதற்கு அது நிலைத்தது 18-ஆம் நூற்றாண்டில்தான். சமஸ்கிருதமோ நம் பக்கம் நிற்கிறது. 'ஸ்புட்' என்ற வேருக்குப் பிளத்தல், மலர்தல் இரண்டும் பொருள். குண்டு வெடிப்பைச் சொல்லும் விஸ்போடம் அதிலிருந்து வந்தது. பர்த்ருஹரி போன்ற இலக்கணிகள் பேசிய ஸ்போடமும் அதே வேர்: சொல்லைக் கேட்டதும் மனதில் பொருள் மலர்ந்து விரிவது. மொட்டுக்கும் குண்டுக்கும் ஒரே வினையைக் கொடுத்த இன்னொரு மொழி.

பாரதியின் ஊழிக்கூத்தில் 'வெடிபடும் அண்டத்து இடிபல தாளம் போட' என்று வரும்போது இரண்டு பொருளும் ஒன்றாக நிற்கின்றன. அண்டம் பிளக்கிறது, இடி முழங்குகிறது. வெடிக்குப் பிளவு, இடிக்குச் சத்தம் என்று அவர் வேலையைப் பிரித்துக் கொடுத்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

ஈழத்தில் இந்தச் சொல் வேறு கனம் பெற்றுவிட்டது. தீபாவளிப் பட்டாசுக்கு அங்கே சீனவெடி என்று பெயர். தனியாக வெடி என்றால் பெரும்பாலும் துவக்கு வெடிதான். 'வெடி விழுந்தது' என்றால் யாரோ சுட்டார்கள். போர்க்காலம் இந்தச் சொல்லின் முன்னால் ஒவ்வொரு சொல்லாகக் கொண்டுவந்து ஒட்டியது. கண்ணிவெடி, மிதிவெடி, பொறிவெடி, அமுக்கவெடி. கண்ணியும் பொறியும் வேட்டைக்காரரின் சொற்கள். பறவைக்கும் எலிக்கும் வைத்தவை. மிதிவெடி என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். வைத்தவர் அதில் இல்லை. வெடிக்க வைப்பது மிதிப்பவருடைய கால். வன்னியில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்குப் பின்னால் இருந்த நிலமெல்லாம் இந்தச் சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தது. கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்தது 2017-இல்.

ஆள் இல்லாத வினை என்று முன்னே சொன்னேனே, அதைப் பத்திரிகைகள் எப்படி வசதியாக்கிக்கொண்டிருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'மோதல் வெடித்தது.' 'கலவரம் வெடித்தது.' 'சர்ச்சை வெடித்தது.' யார் மோதினார்கள், யார் முதலில் கல்லெடுத்தார்கள் என்ற கேள்வியே எழாது. பருத்தி மாதிரி முற்றிப் பிளந்துவிட்டது. 'பட்டாசு ஆலையில் வெடி விபத்து' என்பதும் அப்படித்தான். அறைக்குள் எத்தனை பேர் உட்கார வைக்கப்பட்டார்கள், எவ்வளவு மருந்து குவிக்கப்பட்டிருந்தது என்பதெல்லாம் நாலாம் பத்தியில் வரும், வந்தால். தலைப்பில் வெடி தானாக வெடிக்கும்.

புதுச் சொல்லாக்கங்களில் 'பெருவெடிப்பு' எனக்கு உறுத்துவதில்லை. வானியலாளர் ஃபிரெட் ஹாய்ல் 1949-இல் பிபிசி வானொலியில் 'பிக் பேங்' என்ற அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னபோது, அண்டத்தின் தொடக்கம் பற்றிய அந்தக் கொள்கையை அவர் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. அண்டம் ஓரிடத்தில் குண்டு போல வெடிக்கவில்லை, வெளி என்பதுதான் விரிந்தது என்று விளக்க ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் படாத பாடு படுகிறார்கள். நமக்குச் சத்தமில்லாமல் விரியும் ஒரு வெடிப்பு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. 'மேகவெடிப்பு'தான் ஒட்டவில்லை. ஒரு சின்ன வட்டாரத்தில் ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டினால் வானிலைத் துறை அப்படிச் சொல்கிறது. மேகத்துக்குத் தோல் கிடையாது, வெடிக்கவும் இல்லை. செய்தியைப் படித்துவிட்டு 'பயங்கரச் சத்தம் கேட்டிருக்குமே' என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது' என்று பாட்டிமார்கள் சொன்னதில் காட்சியும் சரி, அளவும் சரி.

சாத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் இந்த இரட்டைப் பொருளோடு எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று அத்தையிடம் ஒரு தடவை கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. ஆலையில் ஏதாவது ஆகிவிட்டால் அந்த ஊரில் யாரும் 'வெடிச்சிருச்சு' என்று பேச்சைத் தொடங்குவதில்லை. "சத்தம் கேட்டுச்சா?" என்பார்கள். அடுத்தது, "எந்தப் பக்கம்?" பெண்கள் மொட்டை மாடிக்கு ஏறிப் புகை எந்தத் திசை என்று பார்ப்பார்கள், யார் வீட்டு ஆள் எந்த ஆலைக்குப் போயிருக்கிறது என்று திசையை வைத்தே தெரியும். வெடி என்ற சொல்லை அந்த நேரத்தில் வாயில் எடுப்பதில்லை. அது காட்டுக்கு.

காட்டிலும் இப்போது இல்லை. பருத்தி எடுக்க ஆள் கூலி கட்டவில்லை என்று அத்தை மக்காச்சோளத்துக்கு மாறி நாலைந்து வருஷம் ஆகிறது. மிஷின் வந்து ஒரே நாளில் அடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறது. போன வாரம் போனில், "என்ன அத்தை, காடு எப்படி இருக்கு?" என்றேன். "காஞ்சு நிக்குய்யா, மிஷினுக்குச் சொல்லியிருக்கு" என்றார்.